மோதாமல் போவதைப் பார்க்கப் போனோம்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்தில் நடைமேடை தெரியாத அளவுக்குக் கூட்டம். நான்காவது ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்ததால் அப்போது கடற்கரை நிலையம் வரை ரயில் கிடையாது, சிந்தாதிரிப்பேட்டையோடு சரி. போதாததற்கு விடுமுறை நாள் அட்டவணை. வேளச்சேரியிலேயே பெட்டிகள் நிரம்பி வழிந்ததால் தரமணியிலும் இந்திரா நகரிலும் மந்தைவெளியிலும் நின்றவர்கள் வருகிற ரயிலையெல்லாம் வேடிக்கை பார்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. இந்திய விமானப்படையின் 92-வது ஆண்டு விழா. 72 விமானங்கள், காலை 11 மணி முதல் 1 மணி வரை, மெரினா. இதற்கு முன் அங்கே இப்படி ஒரு சாகசம் நடந்தது 2003-ல். இருபது வருடப் பசி ஊருக்கு.

அன்று வந்தவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? ரஃபேலைப் பார்க்க, சுகோயைப் பார்க்க, தேஜஸைப் பார்க்க என்று பதில் சொல்லலாம். ஆனால் கடற்கரை முழுக்க ஒரே குரலில் கத்தியது வேறொரு தருணத்தில். விமானப்படையின் சாகச அணியான சூரியகிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் எதிரும் புதிருமாக வந்து, ஒன்றையொன்று உரசுவதுபோல் கடந்து போகும் வித்தை இருக்கிறதே, அப்போது. கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 3¼ கிலோமீட்டர். ஆளுக்கொரு முனையிலிருந்து மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் புறப்பட்டால் நடுவில் சந்திக்கப் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியும் லட்சக்கணக்கான பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். 'மோதப் போகுது, மோதப் போகுது' என்று ஒரு பையன் அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி அலறுகிறான். மோதவில்லை. கைதட்டல்.

நாம் பார்த்தது பாதி கண்கட்டு. அந்த இரண்டு விமானங்களும் ஒரே கோட்டில் வருவதில்லை. ஒன்று கரைக்குச் சற்று அருகே, இன்னொன்று கடலுக்குள் சற்றுத் தள்ளி. மணலில் நிற்பவனுக்கு அந்த ஆழம் தெரியாது என்பதை நம்பித்தான் வித்தை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மீதிப் பாதி நிஜம். அந்த இடைவெளியை ஒரு மனிதக் கையும் ஒரு மனிதக் கண்ணும்தான் காப்பாற்றுகின்றன. வானில் அன்று ஒரு கீறல்கூட விழவில்லை. தரையில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். வெயில், தாகம், நெரிசல் பற்றியெல்லாம் அப்போதே நிறைய எழுதியாகிவிட்டது. அந்த விவாதம் இன்னும் முடியவும் இல்லை. இந்தக் கட்டுரை, அண்ணாந்து பார்த்த அந்தப் பத்து நொடியைப் பற்றியது. கைதட்டலில் முடியாத பத்து நொடிகளும் உண்டு.

எலஹங்கா, காலை 11.50

அதே சூரியகிரண் அணி. அதே ஹாக் விமானங்கள். 2019 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை. மறுநாள் பெங்களூரு எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி தொடங்க வேண்டும். அதற்கான ஒத்திகையில் இரண்டு ஹாக்குகள் நடுவானில் மோதின. மூன்று விமானிகள். இரண்டு பேர் எஜெக்‌ஷன் இருக்கையால் வெளியே வீசப்பட்டு பாராசூட்டில் இறங்கினார்கள். விங் கமாண்டர் சாஹில் காந்தி பிழைக்கவில்லை. விமானங்கள் விழுந்தது தளத்துக்கு வெளியே, இஸ்ரோ லேஅவுட் என்ற குடியிருப்புப் பக்கம். வேளச்சேரி மாதிரியே ஐ.டி. வேலைக்காரர்களும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் கலந்து வாழும் பகுதி.

இந்தச் செய்தி நம் நினைவில் ஏன் தங்கவில்லை என்பதற்குக் காரணம் எளிது. ஐந்து நாள் முன்னால் புல்வாமா தாக்குதல். நான்கு நாள் கழித்து அதே கண்காட்சியின் வாகன நிறுத்தத்தில் தீப்பிடித்துச் சுமார் 300 கார்கள் எரிந்தன. 26-ம் தேதி பாலாகோட் தாக்குதல். 27-ம் தேதி சென்னைக்காரரான விமானி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டார். அந்த இரண்டு வாரத்தில் தாம்பரத்திலிருந்து டெல்லி வரை எல்லோரும் அவர் மீசையைப் பற்றிப் பேசினார்கள். ஒத்திகையில் செத்துப்போன ஒரு விமானிக்குச் செய்தித்தாளில் இடம் குறைந்துகொண்டே போனது. எதிரியிடம் சிக்கியவனுக்குக் கிடைக்கும் கண்ணீர், சொந்த அணியின் இறக்கையில் மோதியவனுக்குக் கிடைப்பதில்லை.

சூரியகிரண் 1996-ல் கர்நாடகத்தின் பீதரில் உருவான அணி. முதலில் ஹெச்.ஏ.எல். தயாரித்த கிரண் மார்க்-2 பயிற்சி விமானங்களில் பறந்தார்கள். 2011-ல் பயிற்சிக்கு விமானம் போதவில்லை என்று அணியைக் கலைத்துவிட்டு, 2015-ல் ஹாக்குடன் திரும்பி வந்தார்கள். ஹாக் சுத்தமான போர் விமானம் அல்ல. போர் விமானத்துக்குப் போகும் இளம் விமானிகள் கடைசியாகப் பழகும் ஜெட். பிரிட்டிஷ் வடிவம், பெங்களூருத் தயாரிப்பு. ஒன்பது விமானங்கள் ஒன்றாகப் பறக்கும்போது இறக்கை முனைக்கும் இறக்கை முனைக்கும் இடையே ஐந்து மீட்டருக்கும் குறைவு என்று அணியினரே பெருமையாகச் சொல்வார்கள். ஹாக்கின் இறக்கை அகலமே ஏறக்குறைய பத்து மீட்டர். அதில் பாதி.

இப்படிப் பறப்பவருக்கு வானம் கிடையாது. தலைவரின் விமானம் மட்டும்தான் உண்டு. அதன் இறக்கை முனை விளக்கும் உடம்பில் ஒரு குறிப்பிட்ட புள்ளியும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடு விலகினால் கை தானாகத் திருத்தும். தரை எங்கே, அடிவானம் எங்கே, தலைகீழாகப் பறக்கிறோமா என்பதெல்லாம் தலைவரின் கவலை. அவரை நம்பிக் கண்ணை ஒப்படைத்துவிட வேண்டும்.

அந்த ஒப்படைப்பு எவ்வளவு முழுமையானது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 1982 ஜனவரி 18, அமெரிக்காவின் நெவாடா. தண்டர்பேர்ட்ஸ் சாகச அணியின் நான்கு டி-38 ஜெட்டுகள் வட்டமடித்துக் கீழே இறங்குகின்றன. தலைவரின் விமானத்தில் வால்பகுதிக் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டதாகப் பின்னர் விசாரணை சொன்னது. அவரால் மூக்கை மேலே தூக்க முடியவில்லை. மற்ற மூவரின் விமானங்களில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் அவர்கள் தரையைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பாலைவனத்தில் இறங்கி வெடித்தன. நான்கு விமானிகளும் போனார்கள்.

நெருங்கிப் பறப்பதில் இன்னொரு சிக்கல், காற்று. ஒவ்வொரு இறக்கை முனையிலிருந்தும் ஒரு சுழல் பின்னோக்கி ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுழலுக்குள் வால் நுழைந்தால் விமானம் ஓட்டுபவன் சொல்வதைக் கேட்காது. 1966 ஜூன் 8 அன்று கலிபோர்னியாவில் எக்ஸ்.பி.-70 என்ற ராட்சத சோதனை விமானத்தோடு அணிவகுத்துப் பறந்தது நாசாவின் எஃப்-104. ஓட்டியவர் ஜோ வாக்கர், விண்வெளியின் விளிம்பைத் தொட்டு வந்த சோதனை விமானி. எஃப்-104 பெரிய விமானத்தின் இறக்கைச் சுழலில் சிக்கி, அதன் முதுகின் மேல் உருண்டு, செங்குத்து வால்களை வெட்டியெறிந்தது. வாக்கரும், பெரிய விமானத்தின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். எதற்காக அப்படி ஒட்டிப் பறந்தார்கள்? ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஞ்சின் பொருத்திய விமானங்களை ஒரே சட்டகத்தில் வைத்து ஒரு படம் எடுக்க.

படத்துக்காகவும் விழாவுக்காகவும் கூட்டத்துக்காகவும் மோதியவற்றின் பட்டியல் நீளமானது. அதில் மிகக் கொடியது 1988 ஆகஸ்ட் 28, மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன். இத்தாலிய அணியின் மூன்று ஜெட்டுகள், வானில் புகையால் இதயம் வரைந்து அதை அம்பு துளைப்பதுபோல் ஒரு காட்சி காட்டும்போது மோதிக்கொண்டன. அம்பாக வந்த விமானம் எரிந்தபடி கூட்டத்துக்குள் விழுந்தது. மூன்று விமானிகளையும் சேர்த்து 70 பேர் சாவு. அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் கூட்டத்தை நோக்கிப் பறக்கும் வித்தைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. மெரினாவில் விமானங்கள் மணலுக்கு மேலே வராமல் கடலோரமாக, கரைக்கு இணையாகப் பறந்ததைப் பார்த்தோமே, அந்தக் கோட்டுக்குப் பின்னால் ராம்ஸ்டைனில் எரிந்த உடல்கள் இருக்கின்றன.

குவாலியர்: கண்ணில் படாத விமானம்

2023 ஜனவரி 28, சனிக்கிழமை காலை. மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் தளத்திலிருந்து ஒரு சுகோய்-30 எம்.கே.ஐ., ஒரு மிராஜ்-2000. வழக்கமான போர்ப் பயிற்சி என்றது விமானப்படை. இரண்டும் மோதின. மிராஜ் மொரேனா மாவட்டத்தின் பஹாட்கட் காட்டுப் பக்கம் விழுந்தது. சுகோயின் சிதைவுகள் மாநில எல்லை தாண்டி ராஜஸ்தானின் பரத்பூரில் கிடைத்தன. அதனால் முதல் சில மணி நேரம் இரண்டும் தனித்தனி விபத்துகள் என்றே செய்திகள் குழம்பின. சுகோயில் இருந்த இரண்டு பேரும் எஜெக்‌ஷன் இருக்கையால் உயிர் தப்பினார்கள். மிராஜில் தனியாக இருந்த விங் கமாண்டர் ஹனுமந்த ராவ் சாரதி இறந்தார். கர்நாடகத்தின் பெலகாவிக்காரர். மறுபடியும் இரண்டு விமானம், மூன்று விமானி, ஒரு சாவு.

எலஹங்காவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டிய வேலை. போர்ப் பயிற்சியில் கதையே தலைகீழ். எதிராளியின் கண்ணிலிருந்து மறைவதுதான் அங்கே திறமை. சூரியனுக்குள் ஒளிவது, வயிற்றுக்கு அடியில் வருவது, பின்பக்கமாக நுழைவது. பார்வையை இழக்கவைக்கும் ஆட்டத்தில் பார்வையை இழந்தால் சாவு. அதிலும் அந்த இரண்டும் ஒரே ஜாதி விமானங்கள் அல்ல. சுகோய் ரஷ்ய வடிவம், நாசிக்கில் செய்தது, இரட்டை எஞ்சின், முழுச் சுமையில் 38 டன். மிராஜ் பிரெஞ்சு, ஒற்றை எஞ்சின், அதில் பாதி எடைகூட இல்லை. ஒன்று திரும்பும் விதம் மற்றதற்கு வராது.

இந்தப் பயிற்சியில் கண் எந்த அளவுக்கு உதவும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குவாலியரில் அவை எந்தக் கோணத்தில் மோதின என்பது பற்றிய கணக்கல்ல இது, பொதுவானது. இரண்டு ஜெட்டுகள் தலா 900 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், நொடிக்கு 500 மீட்டர் நெருங்குகின்றன. ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று புரிந்து, மோதப் போகிறோம் என்று உணர்ந்து, கையை அசைத்து, விமானம் விலகத் தொடங்குவதற்கு 12.5 நொடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி. 12.5 நொடியில் கடக்கும் தூரம் 6¼ கிலோமீட்டர். வேளச்சேரி ரயில் நிலையத்திலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை ஏறக்குறைய அவ்வளவு தூரம். அந்தத் தூரத்தில் மிராஜின் ஒன்பது மீட்டர் இறக்கை, நீட்டிப் பிடித்த கையின் முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தெரியும். முன்னாலிருந்து பார்க்கும்போது அந்த இறக்கை தகடு மாதிரி மெல்லியது. வானமோ பரந்து கிடக்கிறது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மோதும் பாதையில் வரும் விமானம் விமானியறைக் கண்ணாடியில் நகராது. நகரும் பொருளைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். மேலேயோ கீழேயோ இடமோ வலமோ நகர்ந்தால் அது நம்மைத் தாண்டிப் போய்விடும் என்று பொருள். மோத வருவது அதே இடத்தில் அசையாத புள்ளியாக நின்று, கடைசி மூன்று நான்கு நொடியில் திடீரென்று பெரிதாகிறது. கண்ணாடியின் சட்டத்துக்குப் பின்னால் அந்தப் புள்ளி நின்றுவிட்டால் அதுவும் தெரியாது. அதனால்தான் விமானிக்கு முதல் வகுப்பிலிருந்தே தலையை ஆட்டிக்கொண்டே இரு, ஒரே இடத்தைப் பார்க்காதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவர்களை உருவாக்கும் பள்ளி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேளச்சேரி மெயின் ரோட்டைப் பிடித்து மேடவாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்று போனால் தாம்பரம் விமானப்படை நிலையம். 1954 முதல் விமானப் பயிற்சியாளர் பள்ளி அங்கே இயங்குகிறது. நாட்டின் ராணுவ விமானிகளுக்குக் கற்பிப்பவர்கள் அங்கே கற்றுக்கொண்டு போனவர்கள்.

ஆனால் தலையை ஆட்டு என்று சொல்வது சுலபம். வளைந்து திரும்பும் போர் விமானத்தில் உடம்பின் எடை ஏழு மடங்காகும்போது தலைக்கவசத்தோடு சேர்ந்து தலை 40 கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தக் கனத்தோடு கழுத்தைப் பின்னால் திருப்பித்தான் எதிராளியைத் தேட வேண்டும். இதற்குத்தான் பயிற்சிச் சண்டைக்கு விதிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்தைச் சுற்றியும் ஒரு கற்பனைக் குமிழி. அமெரிக்க விமானப்படையில் அதன் அளவு 500 அடி. அதற்குள் யாரும் நுழையக் கூடாது. தன் பக்கத்து விமானத்தைக் காணோம் என்றால் 'பிளைண்ட்' என்று ரேடியோவில் சொல்லிவிட வேண்டும். யாருக்காவது ஏதோ சரியில்லை என்று பட்டால் 'நாக் இட் ஆஃப்' என்று ஒரு சொல். எல்லோரும் அந்த நொடியே சண்டையை நிறுத்தியாக வேண்டும். நல்ல விதிகள்தான். நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் 500 அடிக் குமிழியைக் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பதுதான் உதைக்கிறது.

பயணிகள் விமானத்துக்கு இருக்கும் மோதல் தடுப்புக் கருவியை இதில் வைத்தால் என்ன? நியாயமான கேள்வி. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி போயிங்கும் கஜகஸ்தான் இல்யூஷினும் மோதி 349 பேர் இறந்தார்கள். உலகின் மிக மோசமான நடுவான் மோதல் இன்றும் அதுதான். அதற்குப் பிறகு இந்தியா அந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. ஒரு விமானத்திடம் 'ஏறு' என்றும் இன்னொன்றிடம் 'இறங்கு' என்றும் அது சொல்லும். மீனம்பாக்கத்தில் இறங்கும் ஒவ்வொரு பயணிகள் விமானத்திலும் இருக்கிறது. ஆனால் ஐந்து மீட்டர் இடைவெளியில் பறக்கும் அணிக்குள் அது ஓயாமல் அலறும். ஒன்றையொன்று துரத்தும் சண்டையில் எந்த நெருக்கம் வேண்டுமென்றே, எந்த நெருக்கம் தவறி என்று அதற்குத் தெரியாது. போரில் சமிக்ஞை அனுப்பினால் இருக்கும் இடம் காட்டிக்கொடுக்கப்படும். போர் விமானத்துக்கென்று தனியாக ஒன்று வடிவமைக்க வேண்டும், பணமும் வேண்டும், முன்னுரிமையும் வேண்டும். ஏவுகணையோடு போட்டி போட்டால் எச்சரிக்கை மணி தோற்றுத்தான் போகும்.

அண்ணாந்து பார்க்காத தமிழர்கள்

2011 மார்ச் 1. இலங்கை விமானப்படைக்கு மறுநாள் 60 வயது. விழாவுக்கான ஒத்திகைக்காகப் பறந்த இரண்டு கிபிர் விமானங்கள் கம்பஹா பகுதி வானில் மோதின. பிளைட் லெப்டினன்ட் மொனாத் பெரேரா இறந்தார். இன்னொரு விமானி பாராசூட்டில் தப்பினார். எலஹங்காவைப் போலவே விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகை. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. போரின்போது மோதாத விமானங்கள் கொண்டாட்டத்துக்குப் பறந்தபோது மோதின.

கிபிர் இஸ்ரேலியத் தயாரிப்பு; ஆனால் அடிப்படை வடிவம் பிரெஞ்சு மிராஜ். குவாலியரில் விழுந்ததற்குத் தூரத்து உறவு. 1996-ல் இலங்கைக்கு வந்தது. வன்னியில் வளர்ந்த பிள்ளைகள் சத்தத்தை வைத்தே சொல்வார்கள்: இது ஹெலி, இது மிக், இது வேவு பார்க்கும் வண்டு, இது கிபிர். கிபிரின் சத்தம் கேட்கும்போது அது தாண்டிப் போயிருக்கும், குண்டு வந்துகொண்டிருக்கும். 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தின் மேல் நடந்த விமானத் தாக்குதலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பள்ளி மாணவிகள். அதற்குப் பிறகு கிபிர் என்பது தமிழ் வீடுகளில் வெறும் விமானத்தின் பெயராக இருக்கவில்லை.

வன்னியில் வளர்ந்த ஒருவர் 2024-ல் மெரினா மணலில் நின்றிருந்தால் அவர் கழுத்து அண்ணாந்திருக்காது. கால் பங்கரைத் தேடியிருக்கும். அந்த 2011 மோதலை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதை எழுதி அவரைக் குறை சொல்ல நான் யார்? ஒரு விமானி செத்ததற்குத் துக்கப்படுவதும், அந்த விமானம் என்ன செய்தது என்பதை மறக்காமல் இருப்பதும் ஒரே மனதில் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். சாகச நிகழ்ச்சிகளின் அறிவிப்பாளர்கள் ஒலிபெருக்கியில் சொல்லாத ஒன்றை வன்னிக்காரர்கள் அறிவார்கள். நாம் கைதட்டிப் பார்க்கும் ஒவ்வொரு வித்தையும் இன்னொரு வானத்தில் இன்னொருவர் மேல் குண்டு போடுவதற்காகக் கற்றுக்கொண்டதுதான்.

'மனிதத் தவறு'

ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு விமானப்படை ஒரு வரி சொல்லும்: கோர்ட் ஆஃப் என்கொயரிக்கு உத்தரவிடப்பட்டிருக்கிறது. விசாரணை நடக்கும், முடியும். அறிக்கை உள்ளே போகும். பொதுமக்கள் வாசிக்க வெளியே வருவது வழக்கமில்லை. நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு 2024 டிசம்பரில் தந்த அறிக்கை மூலமாகத்தான் 2017 முதல் 2022 வரையிலான திட்டக் காலத்தில் விமானப்படையில் 34 விபத்துகள் நடந்ததைத் தெரிந்துகொண்டோம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் காட்டேரி அருகே ஜெனரல் பிபின் ராவத்தைப் பலிகொண்ட ஹெலிகாப்டர் விபத்துக்கான காரணமும் அந்த அறிக்கையின் அட்டவணையில் இருந்தது. விமானக் குழுவின் மனிதத் தவறு. நாட்டின் முப்படைத் தலைமைத் தளபதி இறந்த விபத்துக்கு ஓர் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கும் விளக்கம்.

மனிதத் தவறு என்று எழுதிவிட்டால் கோப்பு மூடிக்கொள்ளும். அந்த மனிதனை அந்தத் தவறுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது எது என்ற கேள்வி கோப்புக்கு வெளியே நிற்கும். 2012 ஜூலை 3 அன்று ஸ்காட்லாந்தின் மோரே வளைகுடாவுக்கு மேலே பிரிட்டிஷ் விமானப்படையின் இரண்டு டொர்னாடோ விமானங்கள் மோதி மூன்று பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையை 2014-ல் பகிரங்கமாக வெளியிட்டார்கள். டொர்னாடோவில் மோதல் எச்சரிக்கைக் கருவி இல்லாததும் ஒரு காரணம் என்று அது எழுதியது. அப்படி ஒரு கருவி வேண்டும் என்ற பேச்சு 1990-களிலேயே எழுந்து, தள்ளிப்போய்க்கொண்டே வந்திருந்தது. இறந்த விமானிகள் எங்கே பார்க்கத் தவறினார்கள் என்பதோடு நிற்காமல், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எதைத் தள்ளிப்போட்டார்கள் என்பதையும் ஊர் வாசித்தது. பிரிட்டனின் ரகசியங்கள் அதனால் ஒன்றும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

இங்கே எதிர்வாதம் இல்லாமல் இல்லை. அறிக்கை வெளியே வரும் என்றால் சக விமானிகள் விசாரணையில் மனம் திறந்து பேச மாட்டார்கள், போர்த் தந்திரம் கசிந்துவிடும் என்பார்கள். முதல் வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்குத்தான் வாக்குமூலங்களை மூடிவைத்துவிட்டு முடிவுகளை மட்டும் வெளியிடும் நடைமுறை பல நாடுகளில் இருக்கிறது. இரண்டாவது வாதம் ஒத்திகையில் நடந்த எலஹங்கா விபத்துக்கு எப்படிப் பொருந்தும்? மறுநாள் பொதுமக்களுக்குக் காட்டவிருந்த வித்தையில் என்ன தந்திரம்?

நம் விமானப்படையால் வெளிப்படையாகப் பேச முடியாது என்பதும் இல்லை. 2019 பிப்ரவரி 27 அன்று, அபிநந்தன் பிடிபட்ட அதே காலை, காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே நம் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. ஆறு விமானப்படையினரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். ஏழு மாதம் கழித்து, அந்த அக்டோபரில், அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி பதௌரியா செய்தியாளர்கள் முன்னால் அது நம் பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார். அதனால் படையின் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை.

வேளச்சேரிக்காரர்களுக்கு இது தூரத்து விவகாரமாகத் தோன்றலாம். 2025 நவம்பர் 14 அன்று தாம்பரத்துப் பயிற்சி வான்பரப்பில் பறந்த பிலாட்டஸ் பி.சி.-7 ஒன்று திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி தப்பினார், தரையில் யாருக்கும் ஒன்றுமில்லை. அடுத்த வாரமே, 21-ம் தேதி, துபாய் கண்காட்சியில் பார்வையாளர்கள் கண்முன்னே தேஜஸ் விழுந்தது. சூலூர் தளத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். இரண்டும் மோதல்கள் அல்ல. தனியாகப் பறந்து விழுந்தவை. இரண்டுக்கும் கோர்ட் ஆஃப் என்கொயரி உத்தரவிடப்பட்டது. அடுத்த சாகச நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும் இலவச நுழைவு, குடிநீர் வசதி, கூடுதல் ரயில் பற்றி முன்கூட்டியே அறிவிப்பு வரும்; மெரினா அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. அந்த அறிவிப்போடு எலஹங்கா அறிக்கையின் முடிவுரையையும் நான்கு பக்கத்துக்கு வெளியிடச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள், முந்தைய நிகழ்ச்சிக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு போன நாம்தான்.